எத்தனையாவது வேண்டாம்: பிலோமினாவுடன் மூன்று நாள்

ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால், அதை எத்தனையாவது தடவையில் நம்ப வேண்டும்? முதல் தடவை நம்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தடவை கொஞ்சம் யோசிக்கலாம். மூன்றாவது தடவையும் சொன்னால் ஒருவேளை உண்மையாக இருக்கலாம். ஆனால் எங்கள் அத்தை ஒருவர் நான்காவது வேண்டாமுக்குப் பிறகு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். திருநெல்வேலியில் பிறந்து, படித்து, கல்யாணம் முடித்து, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. மொசாம்பிக்கிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணோடு மூன்று நாள் தாமிரபரணிக் கரையில் சுற்றிவிட்டு வந்தேன். கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் இப்போது குழம்பிவிட்டது.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு மாணவர்கள் வரத் தொடங்கியதும் அவர்களுக்கென்று ஒரு மேசை போட்டு, 'உதவி மேசை' என்று பலகை மாட்டி, என்னை அதில் உட்கார வைத்தார்கள். ஆய்வுக் கட்டுரை தேடித் தருவது, மேற்கோள் குறிப்பு எழுதக் கற்றுத் தருவது எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கேட்டது சிம் கார்டு, கொசுவலை, காரம் குறைந்த மெஸ், சனிக்கிழமை திறந்திருக்கும் பல் மருத்துவர். எல்லாவற்றையும் தொகுத்து நானே ஒரு கையேடு எழுதினேன். முதல் பக்கம் புத்தகம் எடுப்பது எப்படி. இரண்டாம் பக்கம் டவுன் பஸ்ஸில் ஏறுவது எப்படி. நான்காம் பக்கத்தில், நம் வீடுகளுக்கு விருந்துக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது என்று எழுதி, கடைசியில் இந்த வரியையும் சேர்த்தேன்: 'எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கக் கூடாது. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வது இங்கே மரியாதை.' எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு எந்த நூலகம் இதைச் சொல்லித்தரும்?

பிலோமினா வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. பெயரைப் பார்த்ததும் அலுவலகத்தில் அவளைக் கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜங்ஷனுக்குக் கூப்பிடப் போன ஓட்டுநர் வெறும் வண்டியோடு திரும்பி வந்தார். "பிலோமினான்னு யாரும் வரல மேடம். ஒரு வெளிநாட்டுப் பிள்ளதான் தனியா நின்னுச்சு. பாவம், யாரையோ தேடிக்கிட்டு இருக்குது" என்றார்.

அந்தப் பாவத்தைத் திரும்பப் போய் அழைத்துவந்தார்கள். களைத்துப்போய் நூலக வாசலில் நின்றவளை, "மேசைக்கு வரச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து நான் தமிழில் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மேசா?" என்றாள். மொசாம்பிக்கில் போர்த்துக்கீசியம் பேசுகிறார்கள், அதிலும் மேசைக்கு மேசாதான். அவளுக்கு வந்த உற்சாகத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்க ஆரம்பித்தாள். ஜன்னலைத் தொட்டாள், அது அவளுக்கு ஜனேலா. அலமாரி, அர்மாரியு. சாவி, ஷாவ். பேனா என்றால் அவர்களுக்கு இறகு. புத்தகங்களைத் தவிர எங்கள் நூலகத்தில் இருந்த எல்லாமே அவள் பாஷையில் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் சினேகிதிகள். என் பெயர் காந்திமதி. அவள் 'காந்தி' என்றுதான் கூப்பிடுவாள். காந்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் தொலைபேசியில் யாரிடமாவது சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி என் விஷயம். அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு இணையவழிக் கூட்டம். வெளிநாட்டு மாணவர்களுக்கு நூலகங்கள் எப்படித் துணை நிற்கின்றன என்பது பேச்சு. நான் என் மேசையைப் பற்றிப் பேசினேன். கொசுவலையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். முடிந்ததும் போர்ச்சுகலில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தலைமை அம்மா என்னை அழைத்து, "ஒரு பருவம் எங்களோடு வந்து வேலை செய்கிறீர்களா? உங்கள் மகளையும் கூட்டி வரலாம், நூலகத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது" என்றார். என் நெஞ்சு குதித்த குதி எனக்குத்தான் தெரியும். வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்." அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் தலையை அசைத்தார். "புரிகிறது. சொன்னதற்கு நன்றி" என்றார். அடுத்தவரிடம் போய்விட்டார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த இடம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் தளத்தில் அறிவிப்பு அப்படியே இருக்கிறது, இந்த மாதக் கடைசி வரை இருக்கும். நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். என் கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இஷ்டம் என்னவென்று தெரிந்தவளிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

இந்த நிலையில்தான் பிலோமினாவின் ஆய்வு குறுக்கே வந்தது. ஆற்றுத் தண்ணீரை ஊர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது அவள் தலைப்பு. விவசாயிகளிடம் பேச ஆள் வேண்டும். "நீங்கதானே உதவி மேசை, போய்ட்டு வாங்க" என்று நூலகர் சொல்லிவிட்டார். என் கணவருக்கு மதுரையில் பயிற்சி. ஆகவே இரண்டரை வயது மகள் மகிழும் எங்களோடு வந்தாள். வெந்நீர்க் குடுவை, காய்ச்சல் மருந்து, வெப்பமானி, உடுப்புகள், இரண்டு தொப்பி, பூச்சிக்கடி மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டேன். பிலோமினா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாம் எந்த நாட்டுக்குப் போகிறோம்?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி டவுனோடு சரி. மறுநாள் பார்க்கப்போகிற வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டுமே என்று ரத வீதியில் ஒரு அல்வாக் கடைக்குப் போனோம். சாயங்காலக் கூட்டம். கடைக்கார அண்ணாச்சி இலைத் துண்டில் சுடச்சுட ஒரு கரண்டி அல்வாவை வைத்து பிலோமினாவிடம் நீட்டினார்.

"சாப்பிட்டுப் பாருங்கம்மா."

"வேண்டாம்," என்றாள் அவள், அழகாகச் சிரித்துக்கொண்டு.

அண்ணாச்சி அந்தக் கையை அப்படியே திருப்பி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். அவர் வாயில் போட்டுக்கொண்டார். பிலோமினா அந்த அல்வாவைக் கண்ணாலேயே வழியனுப்பினாள்.

எனக்குத் தாங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, இன்னொரு மட்டம் கேக்கப்பிடாதா?"

"அவுங்க வெளிநாட்டுக்காரங்கல்லாம்மா. அவுங்க வேண்டாம்னா வேண்டாந்தான், நம்மளப் போலக் கெடையாது பாத்துக்கிடுங்க. ரொம்பக் கட்டாயப்படுத்துனா தப்பா நெனப்பாங்கன்னு எம் மவன் சொல்லுதான்."

வெளியே வந்ததும் பிலோமினா மெதுவாகக் கேட்டாள். "காந்தி, நான்காம் பக்கம் உண்மைதானா?"

"ஏன்?"

"நான் வந்ததிலிருந்து அதைத்தான் செய்கிறேன். விடுதியில் பாயசம், பேராசிரியர் வீட்டில் காபி, என் அறைத்தோழி வீட்டுக் கல்யாணத்தில் லட்டு. முதல் வேண்டாம் சொல்வேன். இரண்டாவது வேண்டாமைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருத்தரும் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை."

நான் அவளை எங்களைப் போல நடக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஊர்க்காரர்களோ அவளை அவள் ஊர்க்காரியைப் போலவே நடத்த வேண்டும் என்று கவனமாக இருந்திருக்கிறார்கள். இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு பெண் இத்தனை மாதம் அல்வா சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், அதுவும் திருநெல்வேலியில். என் கையேட்டின் மற்றப் பக்கங்களால் என்னென்ன நடந்திருக்குமோ என்று எனக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது.

நான் விளக்கிச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். பிறகு அவளே கடைக்குத் திரும்பிப் போய் இரண்டு கையையும் நீட்டி, "வேணும்" என்றாள். அண்ணாச்சி அல்வாவும் கொடுத்து, அதற்கு மேல் ஒரு கை மிக்சரும் போட்டார்.

நடந்து வரும்போது, "போர்ச்சுகல்காரர்கள் உன்னை எத்தனை தடவை கேட்டார்கள்?" என்றாள்.

"ஒரு தடவை."

அவள் அல்வாவை மென்றுகொண்டே வந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சனிக்கிழமை முக்கூடல் பஸ். எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் பிலோமினாவின் பின்னல்களையே பார்த்துக்கொண்டு வந்தவர், பொறுக்க முடியாமல் என்னிடம் கேட்டார். "அது சொந்த முடியாம்மா?"

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். பிலோமினாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. எந்த நாட்டு பஸ்ஸிலும் அதே கேள்விதானாம். "கொஞ்சம் என்னுடையது, கொஞ்சம் கடையில் வாங்கியது என்று சொல்."

சொன்னேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம சவுரியா." தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் பாதிதான் சொந்தம்." அதற்குப் பிறகு இருவரும் பாஷையே இல்லாமல் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகிழ் தன் இடது கால் செருப்பை ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். என் பையில் எல்லாம் இருந்தது, மாற்றுச் செருப்பு மட்டும் இல்லை. நான் போட்ட சத்தத்தில் நடத்துநர் வந்தார்.

"என்னம்மா விழுந்துட்டு?"

"பிள்ள செருப்புங்க. வேண்டாம், விடுங்க. அதுக்குப் போயி வண்டிய நிப்பாட்டிக்கிட்டு."

"நிப்பாட்டவா?"

"வேண்டாங்க. பரவால்ல."

அவர் விசில் ஊதிவிட்டார். பஸ் நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, என்னத்துக்குடே நிக்கி?" என்றது. "பிள்ள செருப்பு வே, பைய இரும்" என்றது இன்னொரு குரல். இளவட்டம் ஒருவன் இறங்கி ஓடிப் போய்ச் செருப்பை எடுத்துவந்து மகிழின் காலில் மாட்டிவிட்டான். அவள் உடனே வலது செருப்பைக் கழற்றினாள். பஸ்ஸே சேர்ந்து "ஏட்டி" என்று அதட்டியது.

பிலோமினா என் காதருகில் சொன்னாள். "நீ இரண்டு வேண்டாம் சொன்னாய். அவர் நிறுத்திவிட்டார்."

"ஆமாம்."

"அவருக்கு எப்படித் தெரிந்தது?"

இதை எப்படி விளக்குவது? இந்த ஊரில் என் வேண்டாம் எல்லோருக்கும் புரியும். அதற்காக நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தண்ணீருக்குள் இருப்பது மீனுக்குத் தெரியாத மாதிரி, அன்றுவரை எனக்கு இது தெரியவில்லை.

முக்கூடலில் காலை முழுக்க வாழைத் தோட்டங்களில் பேசினோம். எல்லோரும் அவள் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்க ஊர்ல ஆறு உண்டுமா?" உண்டு. அவள் ஊர் கெலிமானே. அங்கே ஆற்றின் பெயரைத் தமிழில் சொன்னால் 'நல்ல சகுன ஆறு.' அதைக் கேட்ட ஒருவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டி, "சகுனம் பாத்துல்லா பேரு வச்சிருக்கான். அங்கயும் நம்மாளு எவனோ போயிருக்கான் வே" என்றார். ஒரு வீட்டு வேலியோரம் மரச்சீனிச் செடியை, அதாவது மரவள்ளியை, பார்த்ததும் பிலோமினா ஓடிப்போய் இலையைத் தொட்டாள். அவர்கள் ஊரில் அந்த இலையை இடித்து, நிலக்கடலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குழம்பு வைப்பார்களாம். வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இலையவா திங்காக? அப்போ கெழங்க என்ன செய்வாக?" என்று கேட்டார். அதையும் தின்பார்கள் என்றதும் கொஞ்சம் நிம்மதியானார்.

மதியம் ஜன்னத் லாத்தா வீடு. எங்கள் நூலகத்தில் புத்தகம் வழங்கும் இடத்தில் இருப்பவர் அவர்; லாத்தா என்றால் அக்கா. கணவர் சவுதியில். சனி ஞாயிறு லாத்தா முக்கூடலுக்கு வந்துவிடுவார். உளுந்தஞ்சோறும் கோழிக்குழம்பும் செய்துவைத்திருந்தார். பிலோமினா ஒரு வாய் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். காரமோ என்று நான் தண்ணீரை எடுத்தேன். இல்லை. "இது என் அம்மா செய்வது" என்றாள். அரிசியும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போட்டு அவர்கள் ஊரில் செய்வதும் கிட்டத்தட்ட இதே சோறுதானாம். இங்கே உளுந்து, அங்கே பாசிப்பருப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றார் லாத்தா.

"வேணும்," என்றாள் பிலோமினா. முந்தின நாள் பாடத்தை அவள் மறக்கவில்லை.

லாத்தாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கேட்டதும் வேணும் என்று சொல்லும் விருந்தாளியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வைத்தார். மறுபடி வைத்தார். நான்காவது கரண்டியில் பிலோமினா மூச்சு வாங்கிக்கொண்டு, "வேண்டாம்" என்றாள். மனதார, உண்மையாக.

"அட, சும்மா சாப்பிடு தாயீ," என்று ஐந்தாவது கரண்டியை வைத்தார் லாத்தா.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு ஆய்வேடு இருந்தது. நேற்று அவள் வேண்டாமை ஒருவர் நம்பிக் கெடுத்தார், இன்று ஒருவர் நம்பாமல் கெடுக்கிறார். தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் செய்து காட்டினேன். மூடிக்கொண்டாள். லாத்தா விரலிடுக்கு வழியாக ஒரு கோழித்துண்டை உள்ளே போட்டார்.

சாப்பிட்டு முடித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது லாத்தா என்னிடம், "போர்ச்சுகல் என்னாச்சு?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்ட கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "அப்போ போவலியா?" என்றார். "தெரியல லாத்தா" என்றேன். "வேணும்னு இருக்கா?" என்றார். அதற்குள் மகிழ் சொம்பைக் கவிழ்த்துவிட்டாள். நல்லவேளை என்று துடைக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்திருநகரி. முகூர்த்த நாள். பஸ்ஸில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே மகிழ் நசுங்காமல் பார்த்துக்கொள்வதே என் வேலையாக இருந்தது. அவள் என்னவோ யார் மடியில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, யார் கொடுத்த முறுக்கை வேண்டுமானாலும் தின்றுகொண்டு வந்தாள். வெப்பமானியை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. இதையும் குறித்துக்கொண்டேன், போர்ச்சுகல் கணக்கில் வரவுப் பக்கம்.

அங்கே பெருமாள் அண்ணாச்சி என்பவரைப் பார்க்க ஏற்பாடு. வாழை விவசாயி, சங்கத்தில் பெரிய ஆள், பேசுவதில் அதைவிடப் பெரிய ஆள். வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சலவை வேட்டியோடு நின்றபடியே மேலூர்க்காரர்கள் தண்ணீரை எப்படித் திருப்பிக்கொள்வார்கள், கீழூர்க்காரர்கள் எப்படி ராத்திரியோடு ராத்திரியாக அதைச் சரிசெய்வார்கள் என்று நடித்தே காட்டினார். தண்ணீர் பிரிகிற மடையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பிலோமினாவின் பெரிய ஆசை. அவள் ஆய்வின் கடைசி அத்தியாயமே அதை நம்பித்தான் இருந்தது.

"மடை வரைக்கும் வாரீயளா? அங்கன போய்ப் பாத்தாத்தான் வெளங்கும்," என்றார் அண்ணாச்சி.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன்பே, பிலோமினா அவர் வேட்டியைப் பார்த்தாள், ஸ்கூட்டரில் தொங்கிய கல்யாணப் பரிசுப் பொட்டலத்தைப் பார்த்தாள், "வேண்டாம்" என்றாள்.

"சரிம்மா," என்று அண்ணாச்சி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் அப்படிச் சொன்னாய்? அதற்குத்தானே வந்தோம்?"

"அவர் கல்யாணத்துக்குப் போகிறார். நம்மால் அவருக்கு எதற்குச் சிரமம்?"

"மறுபடி நான்காம் பக்கமா?"

"இல்லை காந்தி." அவள் முகத்தில் அவளுக்கே ஆச்சரியம். "இது நான் நினைக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது."

எனக்குப் புரிந்துவிட்டது. அது அவள் ஊர் வேண்டாம் இல்லை. அசல் எங்கள் ஊர் வேண்டாம். என்னிடமிருந்து அவளுக்குத் தொற்றிவிட்டது. ஆனால் அவள் வெளிநாட்டு முகத்தைப் பார்த்து, அந்த வேண்டாமை எவன் நம்பாமல் இருப்பான்?

மகிழைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடினேன். கல்லூரியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோதும் வேண்டாம் என்று சொன்னவள் நான். "அண்ணாச்சி, நில்லுங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. மகிழ் என் காதுக்குள் அதைவிடப் பெரிதாக, "வண்டி வேணும்" என்று அலறினாள். அவளுக்கு இன்னும் நாகரிகம் வரவில்லை. அந்த அலறலுக்கு ஸ்கூட்டர் நின்றது.

"என்னம்மா, இப்படி ஓடி வாரீய?"

"மடை பாக்கணும் அண்ணாச்சி."

"அந்தப் பிள்ள வேண்டாம்னுல்லா சொல்லிச்சு."

"அது நம்ம ஊரு வேண்டாம் அண்ணாச்சி."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். தூரத்தில் கரையில் நின்ற பிலோமினாவைப் பார்த்தார். "அப்படியா. அதை மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்று வண்டியைத் திருப்பினார். "வரச் சொல்லுங்க. கல்யாண வீட்டுல பந்தி நடக்கத்தான் செய்யும்."

மடையைப் பார்த்தோம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பலகையை எவ்வளவு தூக்கினால் எந்த ஊருக்குத் தண்ணீர் போகும் என்று காட்டினார். பிலோமினா கணுக்கால் தண்ணீரில் நின்று எழுதிக்கொண்டே இருந்தாள். மகிழ் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தாள். திரும்பும்போது, "கல்யாணத்துல சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி. நான் "ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிலோமினா தெளிவாக, "வேணும்" என்றாள். யாரென்றே தெரியாத மணமக்களை வாழ்த்திவிட்டு இரண்டாம் பந்தியில் சாப்பிட்டோம். புகைப்படத்தில் நடுவில் நிற்பது பிலோமினாதான்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மகிழ் என் தோளில் தூங்கிவிட்டாள். பிலோமினா தன் ஈரச் செருப்பை உலர வைத்துவிட்டுக் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினாள், போர்த்துக்கீசியத்தில் எழுதியதை எனக்காக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு.

"மதிப்புக்குரிய அம்மையாருக்கு. காந்திமதி உங்களிடம் வேண்டாம் என்று சொன்னாள். அது உங்கள் ஊர் வேண்டாம் அல்ல. அவள் ஊரில் அதற்கு வேறு பொருள். நான் இங்கே வாழ்ந்து அதைக் கற்றிருக்கிறேன். தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள்."

எனக்காகச் சிபாரிசு எழுத வந்திருப்பது என் மேசைக்கு உதவி கேட்டு வந்த பெண்.

"அனுப்பட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்," என்றேன்.

அவள் சிரிக்காமல் ஒரு விரலை உயர்த்தினாள். "அனுப்பட்டுமா?"

"வேண்டாம் பிலோமினா. அவங்களுக்கு எதுக்கு..."

இரண்டாவது விரல். மூன்றாவது தடவைக்காக அவள் மூச்சை இழுத்தாள். அந்த நேரத்தில் திருநெல்வேலி பஸ் வந்துவிட்டது. கல்யாணக் கூட்டம் மொத்தமும் எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறியது. அவள் முன்வாசலில் ஏற, நான் பின்வாசலில் ஏற, நடுவில் ஒரு சீர்வரிசைப் பாத்திரக்கட்டு. ஜங்ஷன் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இறங்கியதும் விடுதி அடைக்கிற நேரமாகிவிட்டது என்று அவள் ஆட்டோவில் ஓடிவிட்டாள்.

இது நடந்து சில நாளாகிவிட்டது. அவள் நூலகத்துக்குத் தினமும் வருகிறாள். கடைசி அத்தியாயத்தை எழுதுகிறாள். என் மேசையைக் கடக்கும்போது இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போகிறாள். மூன்றாவதைக் காட்டுவதில்லை. கேட்கவும் இல்லை. ஜன்னத் லாத்தா சொல்கிறார், அவள் நான் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாளாம். நானோ, அவள் கேட்பாள் என்று காத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. இதை இவ்வளவு தெளிவாக எழுதுவது இதுவே முதல் தடவை. ஆனால் பிள்ளைக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்ளுமா, காப்பகத்தில் அவள் 'வேணும்' என்று அலறினால் யாருக்குப் புரியும், மேசையும் ஜன்னலும் சாவியும் மட்டும் தெரிந்த பாஷையில் நான் எப்படிக் காய்கறி வாங்குவேன் என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஒருவேளை அங்கேயும் ஒரு உதவி மேசை இருக்கும். அதில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து கையேடு எழுதியிருப்பாள்.

இதை வாசிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். நானே அவர்களுக்கு எழுதி, நான் சொன்ன வேண்டாமைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? அல்லது பிலோமினாவின் கடிதத்தை அனுப்பச் சொல்லட்டுமா? வெளிநாட்டில் சிறு பிள்ளையோடு இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மாதக் கடைசிக்குள் எழுதுங்கள். 'உங்கள் இஷ்டம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. போகாதே என்று சொல்ல நினைக்கிறவர்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.

போகச் சொல்கிறவர்கள் மட்டும், தயவுசெய்து, மூன்று தடவை சொல்லுங்கள்.